ஆறு தரிசனங்கள், ஒரு நல்ல பழக்கம்: இந்து தத்துவத்தை எங்க ஆரம்பிக்கிறது?

இந்த எபிசோடை மணிமங்கலத்துல இருந்து பேசுறேன். தாம்பரத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவுல, ஒரகடம் போற கம்பெனி பஸ்கள் ஓயாம ஓடுற பக்கம். வரலாறு படிச்சவங்களுக்கு இந்தப் பேரைக் கேட்டதும் ஒரு போர் ஞாபகம் வரும். 7-ஆம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை இங்க தோற்கடிச்சான். இன்னிக்கு நாம பேசப்போறதும் சண்டையைப் பத்திதான். ஆனா அது வாள் இல்லாத சண்டை.

"இந்து தத்துவம் தெரிஞ்சுக்கணும், எங்க ஆரம்பிக்கலாம்?" இது பலரும் கேக்குற கேள்வி. இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, "எல்லாம் ஒண்ணுதான்." இன்னொண்ணு, "எல்லாம் மாயை." ரெண்டுமே பாதி வழியிலயே நம்மள நிறுத்திடும். ஏன்னா அந்தக் காலத்து ஆசிரியர்கள் இந்த ரெண்டையும் வெச்சுத்தான் நூற்றாண்டுக் கணக்கா வாதாடியிருக்காங்க.

முதல்ல ஒரு சொல்லைச் சரி பண்ணிக்கலாம்

தமிழ்நாட்டுல ஆத்திகன்னா கடவுளை நம்புறவர், நாத்திகன்னா நம்பாதவர். தத்துவ நூல்கள்ல இதுக்கு அர்த்தம் வேற. வேதத்தை ஆதாரமா ஏத்துக்கிட்டா ஆத்திகம், ஏத்துக்கலைன்னா நாத்திகம். அந்தக் கணக்குல பௌத்தம், சமணம், சார்வாகம் மூணும் நாத்திகம். மத்த ஆறும் ஆத்திகம். அந்த ஆறை மூணு ஜோடியா ஞாபகம் வெச்சுக்கலாம்: நியாயம்–வைசேஷிகம், சாங்கியம்–யோகம், மீமாம்சை–வேதாந்தம்.

இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. பழைய சாங்கியத்துக்கு உலகத்தைப் படைச்ச கடவுள் தேவைப்படலை. மீமாம்சைக்கும் தேவைப்படலை. ஆனா ரெண்டுமே ஆத்திக தரிசனங்கள்தான். "கடவுள் இருக்காரா, இல்லையா" ங்கிற ஒரே கேள்விக்குள்ள இந்த மரபை அடைக்க முடியாதுன்னு இதுலயே தெரியுது.

உனக்கு எப்படித் தெரியும்?

எல்லா தரிசனமும் முதல்ல பதில் சொல்லியாகவேண்டிய கேள்வி இது. அறிவு வர்ற வழிக்குப் பேரு பிரமாணம். நியாய தரிசனம் நாலு வழி சொல்லுது.

ஒரு பிரஸ் ஷாப்பை எடுத்துக்கோங்க. மெஷின் நடுங்குறதைக் கண்ணால பாக்குறீங்க. அது காட்சி. சத்தம் மாறியிருக்கு, அதனால பேரிங் தேஞ்சிருக்கும்னு முடிவு பண்றீங்க. அது அனுமானம். புதுசா வந்த மெஷினைப் பாத்து, "பழசு மாதிரியே இருக்கும்னு சொன்னாங்களே, அது இதுதான்"னு அடையாளம் கண்டுபிடிக்கிறீங்க. அது உவமானம். இருபது வருஷ அனுபவம் உள்ள ஃபோர்மேன் சொல்றதை நம்புறீங்க. அது சப்தம், அதாவது நம்பத்தகுந்தவர் சொல்.

சார்வாகர் இதை ஒத்துக்கமாட்டார். "கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு, அனுமானம் எப்ப வேணா தப்பாகும்"ம்பார். உடனே நியாயக்காரர் கேப்பார்: "அனுமானம் தப்புன்னு நீ சொல்றியே, அதுவே ஒரு அனுமானம்தானே?" இப்படித்தான் வாதம் ஓடும்.

தமிழ்ல இந்த வாதங்களைக் கேக்கணும்னா மணிமேகலை இருக்கு. அது பௌத்தக் காப்பியம். அதுல மணிமேகலை வஞ்சி நகரத்துல வைதிகம், சைவம், வைணவம், ஆசீவகம், சமணம், சாங்கியம், வைசேஷிகம், பூதவாதம்னு ஒவ்வொரு தரப்பாரையும் தேடிப்போய், அவங்க கொள்கையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிறா. அப்புறம்தான் காஞ்சிக்குப் போய் அறவண அடிகள்கிட்ட பௌத்தம் படிக்கிறா.

பக்கத்து ஊர்ல நடந்த வாதம்

வேதாந்தத்துக்குள்ளேயே பல பிரிவு உண்டு. அதுல ஒண்ணை நிறுவின ராமானுஜர் பிறந்தது இதோ, ஸ்ரீபெரும்புதூர்லதான். மரபுக் கணக்குப்படி 1017. அவர் படிச்சது காஞ்சிபுரத்தை ஒட்டின திருப்புட்குழியில, யாதவப்பிரகாசர்கிட்ட.

குருபரம்பரைக் கதைகள்ல ஒரு சம்பவம் வரும். சாந்தோக்ய உபநிஷத்துல இறைவனோட கண்ணைத் தாமரைக்கு ஒப்பிடுற இடத்துல 'கப்யாசம்'னு ஒரு சொல் இருக்கு. கபின்னா குரங்கு. குரங்கோட பின்பக்கம் மாதிரி சிவந்த தாமரைன்னு ஆசிரியர் விளக்கம் சொல்றார். அவருக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்த மாணவன் கண்ணுல இருந்து நீர் சொட்டுது. ராமானுஜர் அதே சொல்லை வேற மாதிரி பிரிக்கிறார்: 'கம்'னா நீர், நீரைக் குடிக்கிறவன் சூரியன், சூரியனால மலர்ந்த தாமரை. பிற்பாடு தன்னோட வேதார்த்த சங்கிரகத்துலயும் இந்தப் பொருளை அவர் எழுதியிருக்கார்.

பல பேர் கதையை இதோட நிறுத்திடுவாங்க. ஆனா ஆதிசங்கரர் இதே இடத்துக்கு உரை எழுதினப்பவே ஒரு சமாதானம் சொல்லியிருக்கார். குரங்கு உவமை தாமரைக்கு, தாமரை உவமை கண்ணுக்கு. நேரடியா கண்ணைக் குரங்கோட ஒப்பிடலை, அதனால அது இழிவான உவமை இல்லைன்னு. இதைக் கேட்டப்புறமும் ராமானுஜர் விளக்கம்தான் உங்களுக்குப் பிடிக்கலாம். ஆனா எதிர்த்தரப்பு முட்டாள்தனமா பேசுச்சுன்னு இனி நினைக்கமாட்டீங்க.

உலகம் நிஜமா?

அத்வைதம்: பிரம்மம் ஒண்ணே முடிவான உண்மை. உலகம் முயல்கொம்பு மாதிரி இல்லவே இல்லாததும் இல்லை, பிரம்மம் மாதிரி என்னிக்கும் மாறாததும் இல்லை. இருட்டுல கயிறு பாம்பாத் தெரியிற மாதிரி, அறிவு வர்ற வரைக்கும் உலகம் இருக்கு. அதுவரைக்கும் நெருப்பு சுடத்தான் செய்யும்.

விசிஷ்டாத்வைதம்: உலகமும் உயிர்களும் முழுக்க நிஜம். உடம்புக்கு உயிர் எப்படியோ, அப்படி எல்லாத்துக்கும் உள்ளுயிரா இறைவன் இருக்கான்.

த்வைதம், 13-ஆம் நூற்றாண்டு மத்வரோடது: இறைவன், உயிர், ஜடம், இதுங்களுக்குள்ள உள்ள வேறுபாடும் நிஜம், அது என்னிக்கும் போகாது.

வேதாந்தத்துக்கு வெளியே, நம்ம தமிழ்ல மெய்கண்டார் சிவஞானபோதத்துல 12 சூத்திரத்துல சொன்னது: பதி, பசு, பாசம் மூணுமே தொடக்கம் இல்லாதவை.

இப்ப யோசிங்க. கான்ட்ராக்ட் முடிஞ்சு வேலை போன ஒரு ஃப்ரெண்டுகிட்ட "எல்லாம் மாயை, விடுடா"ன்னு ஒருத்தர் சொல்றார். இந்த நாலுல யாரும் அந்த அர்த்தத்துல சொல்லலை. உலகத்துல நடமாடுற வரைக்கும் பசியும் கடமையும் உண்டுன்னு சங்கரரே ஒத்துக்குவார். மத்த மூணு பேரும் அந்தக் கஷ்டம் நிஜம்னே சொல்வாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு தெரிஞ்சிருந்தா, தத்துவத்தோட பேரைச் சொல்லி யாரும் உங்க வலியை ஒண்ணுமில்லைன்னு ஆக்கமுடியாது.

வீட்டுப்பாடம்

இந்த மரபுல ஒரு முறை இருக்கு. பேரு பூர்வபட்சம். மறுக்கிறதுக்கு முன்னாடி எதிராளி கருத்தை முழுசா, வலுவா எடுத்து வைக்கணும். ராமானுஜரோட ஸ்ரீபாஷ்யத்துல முதல் சூத்திர விளக்கத்துலயே அத்வைதத் தரப்பு நீளமா வரும். அதுக்குப் பேரே மகாபூர்வபட்சம். அதுக்கப்புறம்தான் அவர் பதில்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. நீங்க கடுமையா மறுக்கிற ஒரு கருத்தை எடுத்துக்கோங்க. அரசியலா இருக்கலாம், ஆபீஸ் விஷயமா இருக்கலாம். "ஆமா, நான் சொன்னது இதுதான்"னு எதிர்ல இருக்கிறவர் ஒத்துக்கிற மாதிரி அதைப் பத்து வரியில எழுதுங்க. உங்க பதிலை அப்புறம் எழுதிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சாங்கியம். புருஷன், பிரகிருதி, மூணு குணம், கடவுள் இல்லாம அந்தக் கணக்கு எப்படி நடக்குதுன்னு பாக்கலாம்.