உப்புக் காற்றும் சிறிய மோட்டார் சைக்கிளும்

தலைமன்னார் என்றவுடன் முதியோர் நெஞ்சிலே தோன்றுவன கப்பலும் புகையிரதமுமே. 1914ஆம் ஆண்டிலே இறங்குதுறை திறக்கப்பட்டது முதல், கொழும்பிலிருந்து புகைவண்டியில் வந்தோர் இங்கே கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி, மீண்டும் வண்டியேறிச் சென்னை சென்றனர். 1964 டிசம்பரிலே வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தோடு தொடர்ந்த கப்பற் போக்குவரத்தும் 1980களிலே நின்றது. 1990இல் போரினாற் புகையிரதமும் நின்று, 2015 மார்ச் மாதத்திலேதான் மீண்டும் வந்தது. பெரிய ஊர்திகள் இவ்வாறு வருவதும் நிற்பதுமாயிருக்க, ஊரவரின் அன்றாட வாழ்வைச் சுமந்தவை சிறிய ஊர்திகளே. முதலிலே துவிச்சக்கர வண்டி; அதன்பின் சிறிய மோட்டார் சைக்கிள்.

இந்தச் சிறு வண்டியின் பிறப்புக்கும் வானொலிக்கும் ஓர் உறவுண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல், யப்பானியரான சோயிச்சிரோ ஹொண்டா என்பார், இராணுவத்தினர் தம் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் உண்டாக்கப் பயன்படுத்திக் கைவிட்ட சிறு இயந்திரங்களைத் தேடியெடுத்துத் துவிச்சக்கர வண்டிகளிலே பொருத்தி விற்றார். அந்த வழியிலே வளர்ந்த அவரது நிறுவனம், 1958இல் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. அதன் இயந்திரம் 49 கன சென்றிமீற்றர் அளவினது. உணவுக் கடைப் பையன் ஒரு கையிலே தட்டை ஏந்தி மறு கையாலே ஓட்டக்கூடியதாக அது அமைதல் வேண்டும் என்று கருதியமையால், இடக்கையாற் பிடிக்கவேண்டிய கிளச்சு அதிலே நீக்கப்பட்டது. புதிதாகப் பழகுவோரைப் பெரிதும் தடுமாறச் செய்வது அந்தக் கிளச்சேயன்றோ? 2017ஆம் ஆண்டளவிலே அவ்வகை வண்டிகள் பத்துக் கோடி செய்து முடிக்கப்பட்டிருந்தன.

இலங்கையிலே சிறு வண்டியின் அருமையை இருமுறை காலம் கற்பித்தது. 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்லத் தடையிருந்தபோது, அங்குள்ளோர் மண்ணெண்ணெயிலே வண்டியோட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே குளிர்ந்த இயந்திரம் அதனாற் கிளம்பாது. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றரிலே விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயிலே ஓடவிட்டனர். புகை மிகுந்தது; பிளக்கிலே கரி படிந்தது; எரியாது எஞ்சிய எண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்தது. ஆயினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவர் சென்றனர்.

இரண்டாவது பாடம் 2022இல் வந்தது. நாட்டிலே அந்நியச் செலாவணி வற்றியபோது, எரிபொருள் அட்டை முறையிலே மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என முதலில் அளந்து கொடுக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து மன்னார் நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர், போய்வர 60. ஒரு லீற்றரில் 50 கிலோமீற்றர் ஓடும் சிறு வண்டிக்கு அந்த நான்கு லீற்றரால் 200 கிலோமீற்றர் கிடைத்தது. அதாவது மூன்று முறை நகரம் போய்வரலாம். பராமரிப்பின்றி 35 கிலோமீற்றரே ஓடும் வண்டிக்கோ இரண்டு முறைதான். பேசாலையிலே மீன் வாங்கி நகரத்திலே விற்பவருக்கு, மூன்றாவது பயணம் என்பது வீட்டிலே உலையேறும் இன்னொரு நாளாகும். மேலும், 2020 முதல் 2025 தொடக்கம் வரை புதிய வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்டிருந்தது. உள்ள வண்டியைக் காப்பாற்றத் தெரிந்தவரே அக்காலத்தில் வண்டியுடையவராயிருந்தார்.

காப்பாற்றுவது எவ்வாறு? மன்னார்த் தீவிலே வண்டிக்கு முதற்பகை உப்பு. சோளகம் வீசும் மாதங்களிலே கடற்றுளியும் நுண்மணலும் காற்றோடு வந்து வண்டியெங்கும் படிகின்றன. கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்பினது. ஆதலால் வெயிலிலே நிற்கும் வண்டியும் இரவிலே மெல்ல நனைந்து, துரு ஏறுகின்றது. துணியால் உலரத் துடைப்பது உதவாது; மணல் நிறப்பூச்சைக் கீறிவிடும். வாரம் ஒருமுறையேனும் உவரில்லாத நீரால் மெதுவாகக் கழுவி, நிழலிலே உலர்த்தி, செயினுக்கும் கம்பிகளுக்கும் சிறிது எண்ணெய் இடுதல் வேண்டும். கிணற்று நீர் உவராயிருந்தால், சேமித்த மழைநீரிலே ஒரு வாளி போதும். கடற்கரை ஈரமணலிலே வண்டியைச் செலுத்தி விளையாடுவது, அதன் ஆயுளைக் கடலுக்குக் கொடுப்பதேயாம்.

இரண்டாவது, மணல். காற்று வடிகட்டியிலே மணல் அடைத்தால் இயந்திரம் மூச்சுத் திணறும்; பெற்றோல் மிகுதியாகச் செலவாகும்; புகை கறுக்கும். வடிகட்டி கிழிந்திருந்தாலோ, மணல் உள்ளே புகுந்து சிலிண்டரைத் தேய்த்துவிடும். சில நூறு ரூபாய்ப் பொருளைப் புறக்கணித்து, பல்லாயிரம் ரூபாய் வேலையை வருவித்துக்கொள்வோர் பலர்.

வண்டி கிளம்ப மறுக்குமாயின், காரணத்தை ஒழுங்காகத் தேடுதல் வேண்டும். தாங்கியில் பெற்றோல் உண்டா? குழாய் திறந்துள்ளதா? பின்னர் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனை மண்ணிறமாயின் நன்று. கரிபடிந்து கறுத்திருப்பின் காற்றுக் குறைவு அல்லது பெற்றோல் மிகுதி. வெளுத்திருப்பின் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகின்றது. மருத்துவர் நாக்கைப் பார்த்து நோயறிவது போல, திருத்துபவர் பிளக்கைப் பார்த்து அறிகின்றார். செயின் நடுவிலே விரலால் அசைக்கும்போது ஏறத்தாழ இரண்டு, இரண்டரை சென்றிமீற்றர் ஆடவேண்டும். அதற்கு மேலாயின் கழன்றுவிடலாம், குறைவாயின் பற்சில்லுகள் தேயும். எஞ்சின் ஒயிலின் அளவை வாரந்தோறும் பார்ப்பதற்கு ஒரு துணித்துண்டும் ஒரு நிமிடமுமே வேண்டும்.

இவை வண்டியைக் காப்பன. ஓட்டுபவரைக் காப்பதே பெரிது. பதினெட்டு வயது நிறைந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றபின்பே வீதிக்கு வருதல் சட்டம். 100 கன சென்றிமீற்றருக்கு மேற்படாத வண்டிக்குத் தனி வகுப்பு உண்டு. பழகுவோர்க்கு அதுவே பொருத்தமானது. தலைமன்னார் வீதி நேராகவும் சமமாகவும் செல்வதே அதன் ஆபத்து. அது வேகத்துக்கு அழைக்கின்றது. இரவிலோ, மன்னாருக்கே உரிய கழுதைகள் விளக்கொளியிலே திகைத்து வீதி நடுவே நிற்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்பவர், கழுதையைக் கண்டு பிறேக்கைத் தொடுவதற்கு ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுகின்றார். வேகம் இரட்டித்தால், பிறேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

முன்பிறேக் வண்டியைக் குப்புறக் கவிழ்க்கும் என்று அஞ்சிப் பின்பிறேக்கை மட்டும் மிதிப்போர் பலர். இது தவறு. வண்டி வேகம் தணியும்போது பாரம் முன்சில்லுக்கே சாய்கின்றது. ஆகவே நிறுத்தும் வலிமையிற் பெரும்பங்கு அங்கேயே உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்துவதே முறை. மணல் படர்ந்த இடத்தில் மட்டும், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பிறேக்கைத் தொடாது நேரே கடத்தல் வேண்டும். பாலத்திலும் தாம்போதியிலும் குறுக்குக் காற்று தள்ளும்போது கைப்பிடியை இறுகப் பற்றாது, உடலைச் சிறிது தாழ்த்தி மெதுவாகச் செல்லுதல் நன்று.

தலைக்கவசம் பொலிசாருக்காக அணிவதன்று. விபத்திலே மரணத்தை ஏறத்தாழ 42 வீதமும், தலைக்காயத்தை 69 வீதமும் அது குறைக்கின்றது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டுள்ளனர். ஆயினும் அதனைக் கைப்பிடியிலே தொங்கவிட்டுச் செல்வோரும், தந்தை மட்டும் அணிந்து முன்னே அமர்ந்த குழந்தையை வெறுந்தலையோடு கொண்டுசெல்வோரும் உளர். தாடைவாரைக் கட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும்.

சிறிய வண்டி ஏழையின் குதிரை. அதனிலேதான் மீன்பெட்டி செல்கின்றது. பிள்ளை பள்ளிக்குச் செல்கின்றது. நோயுற்ற தாய் மருத்துவமனைக்குச் செல்கின்றாள். அதனை வாங்குவதற்குப் பெண்ணின் காதணி அடகு வைக்கப்பட்டிருக்கலாம். மாதத் தவணை இன்னும் முடியாதிருக்கலாம். மாலையிலே ஒரு வாளி நன்னீர், வாரத்தில் ஒருமுறை சில துளி எண்ணெய், ஒவ்வொரு பயணத்திலும் சிறிது நிதானம் ஆகிய மூன்றையும் அவ்வண்டி கேட்கின்றது. அவற்றைக் கொடுத்தவர் வீட்டிலே, பொழுது சாய்ந்தபின் வாசலிலே வண்டியின் ஓசை தவறாது கேட்கும். அடுப்படியிலே காத்திருப்பவரும் அதைக் கேட்ட பின்னரே சோற்றை இறக்குவர்.