கோச் பாதியில் கிளம்பினால் கல்லூரி என்ன செய்யலாம்?

இந்த வாரம் தேவதானத்திலிருந்து வந்த ஒரு கேள்வி. கேட்டவர் கூடைப்பந்து ஆடி வளர்ந்தவர். ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் கோச் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் மூன்று ஷரத்து. இரண்டு வருஷத்துக்குள் போனால் மூன்று லட்சம் கட்டணும். போன பிறகு ஒரு வருஷம், 30 கிலோமீட்டருக்குள் வேறு எந்தக் கல்லூரிக்கும் கோச்சாகக் கூடாது. அதுவரை ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் அவங்களிடமே இருக்கும். "கையெழுத்துப் போடலாமா சார்?" என்று கேட்கிறார்.

முதலில் அந்த 30 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூரும் போச்சு, சொந்த ஊரும் போச்சு. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 27 ஒருத்தர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு ஞாபகம் இருக்கா? ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் அவரைக் கட்டுப்படுத்தப் பார்த்த ஷரத்தை 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒன்று கவனிக்கணும்: வேலையில் இருக்கும்போதே வேறு இடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்றால், அது பொதுவாகச் செல்லும்.

அடுத்து மூன்று லட்சம். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து கோச் ஜெரி டினார்டோ 1994-இல் ஒப்பந்தம் முடியும் முன்பே லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். வழக்கு வந்தது. கோச் போவதால் வரும் நஷ்டத்தை முன்கூட்டியே கணக்குப் போடுவது கஷ்டம், அதனால் தொகையை முதலிலேயே பேசி வைத்தது தப்பில்லை என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த ஒப்பந்தத்தில் பல்கலைக்கழகம் அவரை அனுப்பினால் அதுவும் பணம் தரணும் என்று இருந்தது. இரண்டு பக்கமும் கட்டு.

நம் நாட்டிலும் 2025-இல் விஜயா வங்கி வழக்கில் இரண்டு லட்ச ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவர் நல்ல சம்பளம் வாங்கிய அதிகாரி. பிரிவு 74-இன்படி எழுதிய தொகை உச்ச வரம்புதான். நியாயமான இழப்பீடு அதற்குள்ளேதான் வரும். மாதம் 15,000 வாங்கும் கோச்சிடம் மூன்று லட்சம் என்றால், அது 20 மாதச் சம்பளம். அது நியாயமா என்று கோர்ட்டில் தாராளமாகக் கேட்கலாம்.

சர்ட்டிஃபிகேட் அடகுப் பொருள் இல்லை. ஜெராக்ஸ் கொடுங்க, ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்க.

இன்னொன்று. "நீ இருந்தே ஆகணும்" என்று கோர்ட் யாரையும் மைதானத்தில் நிறுத்தாது. பணம் கேட்கலாம், ஆளைக் கட்டிப்போட முடியாது.

ஆக, தேவதானம் தம்பிக்கு என் பதில்: வேலையை விடாதீங்க, பேசுங்க. தொகையைக் குறைக்கச் சொல்லுங்க, மாதம் ஆக ஆக அது இறங்கட்டும். அவங்க நீக்கினால் உங்களுக்கு என்ன என்பதையும் எழுதச் சொல்லுங்க. கையெழுத்துக்கு முன்னாடி பேசுவதற்குச் செலவில்லை. அடுத்த வாரம் சந்திப்போம்.