பழைய வண்டியின் வானொலியும் புதிய கைத்தொலைபேசியும்



எங்கள் அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். 1990களில் ஜப்பானிலே செய்யப்பெற்ற ரொயோட்டா கொறோலா வண்டி ஒன்று அவரிடம் உண்டு. கனடாவிலிருந்து மகள் கைத்தொலைபேசியில் அனுப்பும் குரற்செய்திகளையும், அதிகாலையிற் கேட்கும் தேவாரங்களையும், பிரயாணத்தின்போது வண்டியின் ஒலிபெருக்கியிலே கேட்கவேண்டும் என்பது அவரது ஆசை. கராஜ் ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்தோர் பழைய வானொலிப் பெட்டியைக் கழற்றி, அதன் கம்பிகளை வெட்டிப் புதிய பெட்டி ஒன்றைப் பொருத்தினர். பழையது இரும்புச் சாமான் வாங்குவோரிடம் போயிற்று.

சில வாரங்கள் சென்றபின், அலுமாரியின் அடித்தட்டிலே ஓர் ஒலிநாடா கிடைத்தது. போர்க்காலத்திலே வெளிநாடு சென்ற அவருடைய தம்பி, கடிதத்துக்குப் பதிலாகத் தாம் பேசிப் பதிவுசெய்து அனுப்பிய கசெற் அது. தம்பி இன்று உயிரோடில்லை. அந்த நாடாவை ஓட்டுவதற்கு அவ்வீட்டில் எஞ்சியிருந்த ஒரே கருவி, வண்டியிலிருந்து கழற்றி வீசப்பட்ட அந்தப் பெட்டிதான்.

புதிய தொலைபேசியின் ஒலியைக் கேட்பதற்காகப் பழைய பெட்டியை இழக்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. வண்டிக்கு ஊறு செய்யாமல், குறைந்த செலவில், கைத்தொலைபேசியைப் பழைய வானொலிப் பெட்டியுடன் இணைப்பது எவ்வாறு என்பதையே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன்.

நம் நாட்டிலே இது சிலருக்கு மட்டும் உரிய விடயமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே. அந்த இடைக்காலத்திலே இருக்கும் வண்டியைப் பேணி ஓட்டுவதைத் தவிர நடுத்தரக் குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆதலால், இருபது முப்பது ஆண்டு வயதுடைய வண்டிகள் பல இன்றும் நம் வீதிகளிலே ஓடுகின்றன.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற்கொள்வோம். வண்டியிலுள்ள வானொலிப் பெட்டி ஒரே பொருளாகத் தோன்றினும், அதனுள்ளே இரு பகுதிகள் உண்டு. ஒன்று, வானலையிலிருந்தோ நாடாவிலிருந்தோ ஒலியை எடுப்பது. மற்றையது, அந்த ஒலியைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பெருக்கி. தனக்கு வரும் ஒலி எங்கிருந்து வருகின்றது என்பது பெருக்கிக்குத் தெரியாது. எனவே, பெருக்கிக்குச் செல்லும் வாசல் எது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்துவிடும். வாசல் பெருக்கிக்கு எவ்வளவு அண்மையில் உள்ளதோ, ஒலியும் அவ்வளவு தெளிவாக இருக்கும். கடைக்குச் சென்று எதையேனும் வாங்குமுன், வண்டியில் அமர்ந்து பெட்டியின் முகத்தைக் கூர்ந்து பாருங்கள்.

அதிலே ஆங்கில எழுத்தில் "ஓக்ஸ்" என்று குறித்த சிறு வட்டத் துவாரம் உண்டாயின், நீங்கள் பாக்கியசாலி. அது மூன்றரை மில்லிமீற்றர் செருகிக்குரியது. பெருக்கிக்கு மிக அண்மையான வாசலும் அதுவே. இரு முனையிலும் செருகியுள்ள ஒரு கம்பி போதும். ஆயின், புதிய தொலைபேசிகள் பலவற்றிலே ஹெட்போன் துவாரம் இல்லை. 2016ஆம் ஆண்டிலே அப்பிள் நிறுவனம் தனது ஐபோன் 7இல் அதனை நீக்கியது; பின்னர் வேறு நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. அத்தகைய தொலைபேசிக்கு, மின்னேற்றும் துவாரத்திலே செருகும் சிறு மாற்றுச் செருகி வேண்டும். எல்லா மாற்றுச் செருகிகளும் எல்லாத் தொலைபேசிகளுக்கும் இசைவதில்லை. கடையிலேயே செருகி, பாட்டைக் கேட்டபின் பணம் கொடுப்பதே புத்தி. கம்பி வேண்டாம் என்போர், அந்தத் துவாரத்திலே செருகக்கூடிய புளூரூத் வாங்கியை நாடலாம்.

இங்கே இரண்டு ஏமாற்றங்களைச் சொல்லிவைக்கவேண்டும். சில பெட்டிகளில் யூ.எஸ்.பி துவாரம் இருக்கும். பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் பாட்டுகள் அடங்கிய நினைவகக் குச்சியை மட்டுமே வாசிக்கும். தொலைபேசியைச் செருகினால் மின்னேறுமேயன்றிப் பாட்டு வராது. அவ்வாறே, புளூரூத் வசதியுடன் வந்த பழைய வண்டிகள் சிலவற்றிலே அது தொலைபேசி உரையாடலுக்கு மட்டும் அமைந்தது. உரையாடலுக்கு ஒரு முறையும் இசைக்கு வேறொரு முறையும் புளூரூத்தில் உண்டு. பின்னையது இல்லாத பெட்டியில் எத்தனை முறை முயன்றாலும் பாட்டுக் கேளாது. அது உங்கள் பிழையன்று.

துவாரம் எதுவும் இன்றிக் கசெற் வாய் மட்டும் உண்டாயின், அதுவும் நல்ல வாசலே. 1963ஆம் ஆண்டு பேர்லினிலே பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகஞ் செய்த கசெற், நாடாவிலே காந்தக் கோலமாக ஒலியைப் பதித்து வைப்பது. பெட்டியினுள்ளே இருக்கும் சிறு தலை, தன்முன் ஓடும் நாடாவின் காந்த மாற்றத்தை மின்னாக மாற்றுகின்றது. கசெற் வடிவிலான இணைப்பி ஒன்று கடைகளிலே கிடைக்கும். அதிலே நாடா இல்லை. அதற்குப் பதிலாக மற்றொரு தலை, பெட்டியின் தலைக்கு நேரெதிரே அமர்ந்திருக்கும். தொலைபேசியிலிருந்து கம்பிவழி வரும் மின்னை அது காந்த மாற்றமாக்குகின்றது. பெட்டியோ, நாடா ஓடுவதாக எண்ணிப் பாடுகின்றது. உள்ளிருக்கும் பற்சில்லுகள் சுழல்வதும், நாடா முடிந்துவிட்டதெனப் பெட்டி நின்றுவிடாதிருக்கவே.

ஜப்பானியப் பெட்டிகள் பல, ஒரு பக்கம் முடிந்ததும் தாமே மறுபக்கத்துக்கு மாறுவன. அவற்றிலே இணைப்பி சில வேளை ஒலியிழந்து போகும். திசை மாற்றும் பொத்தானை அழுத்தினால் மீண்டும் கேட்கும். ஒலி மங்கலாயின் இணைப்பியைக் குறை கூறுமுன், பஞ்சுக் குச்சியிலே சிறிது ஐசோபுறோப்பைல் மதுசாரம் தோய்த்துப் பெட்டியின் தலையைத் துடையுங்கள். பல ஆண்டுக் கபில நிறத் தூள் பஞ்சிலே வரும், ஒலியும் தெளியும்.

கசெற் வாயும் இல்லையெனில், வானொலி என்னும் வாசல் எஞ்சுகின்றது. சிகரெட் பற்றவைக்கும் குழியிலே செருகும் சிறு எப்.எம். ஒலிபரப்பி, தொலைபேசியின் ஒலியைப் புளூரூத் மூலம் வாங்கி, சில மீற்றர் தூரம் மட்டும் எட்டக்கூடிய வானலையாக வெளியிடும். வெற்றிடமான ஒரு மீடிறனிலே வானொலியை வைத்து, ஒலிபரப்பியையும் அதே எண்ணில் வைத்தாற் போதும்.

ஆனால் நம் நாட்டிலே இதற்கொரு தனிச் சிக்கல் உண்டு. இலங்கையின் எப்.எம். நிலையங்கள் 108 மெகாஹேட்ஸ் வரையுள்ள பரப்பிலே ஒலிக்கின்றன. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பழைய வண்டிகளின் வானொலியோ, 76 முதல் 90 வரையே கேட்கும். ஒலிபரப்பிகள் பெரும்பாலும் 87.5 முதல் 108 வரை இயங்குவன. இரண்டும் சந்திக்கும் இடம் 87.5க்கும் 90க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய துண்டு மட்டுமே. 100இலோ 105இலோ ஒலிபரப்பியை வைத்துவிட்டுக் கருவி பழுதென்று திருப்பிக் கொடுப்போர் இதனை அறியாதவர்.

இறக்குமதியான இத்தகைய வண்டிகள் பலவற்றிலே, ஏரியல் கம்பிக்கும் பெட்டிக்கும் இடையே சிறு மாற்றி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது வரும் அலையின் மீடிறனிலிருந்து ஒரு நிலையான தொகையைக் கழித்துப் பெட்டிக்குக் கொடுக்கும். கழிவு 20 ஆயின், 103இல் ஒலிக்கும் நிலையம் 83இலே கேட்கும். உங்களுக்குத் தெரிந்த ஒரு நிலையம் வானொலியில் எந்த எண்ணிலே வருகின்றது என்று பார்த்தால் கழிவு எவ்வளவு என்பது விளங்கிவிடும். ஒலிபரப்பிக்கு எண் தேடும்போதும் அதே கணக்கைப் பயன்படுத்துங்கள்.

வானலை வழியில் இன்னொரு குறையும் உண்டு. கொழும்பிலே வெற்றிடமாக இருந்த மீடிறன், வவுனியாவை அடையும்போது வேறொரு நிலையத்தின் இடமாக இருக்கலாம். அப்போது இரைச்சல் புகும். கை தானாகவே பொத்தானைத் தேடும். புறப்படுமுன் இரண்டு மூன்று எண்களைத் தெரிந்து, வானொலியின் பொத்தான்களிலே பதித்து வையுங்கள். மாற்றவேண்டின் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

கம்பிவழி இணைத்த சிலர், "பாட்டோடு ஒரு கீச்சுச் சத்தமும் வருகின்றது; வேகம் கூடினால் அதுவும் கூடுகின்றது" என்று முறையிடுவர். அது இயந்திரத்தோடு சுழலும் மின்பிறப்பாக்கியின் ஓசை. தொலைபேசி ஒரே நேரத்தில் மின்னேற்றியோடும் பெட்டியோடும் தொடுக்கப்பட்டிருக்கையில், புவித்தொடுப்பு இரு வழிகளால் அமைந்து ஒரு வளையமாகிவிடுகின்றது. அவ்வளையத்தின் வழியே அந்த ஓசை ஒலியிற் கலக்கின்றது. பரீட்சை எளிது: மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் காரணம் அதுவே. மின்னேற்றாமல் கேட்கலாம், அல்லது, உள்ளே இரு சிறு நிலைமாற்றிகளைக் கொண்ட தனிமைப்படுத்தியைக் கம்பியின் நடுவே செருகலாம். அது கம்பித் தொடர்பின்றிக் காந்தத்தின் வழியாக ஒலியை மட்டும் கடத்துகின்றது.

இவையெல்லாம் பயன்படாதபோதுதான் புதிய பெட்டியைப் பற்றி எண்ணவேண்டும். வழமையான ஒற்றைப் பெட்டியின் முகம் 180 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் உயரமும் உடையது. இரட்டைப் பெட்டியின் உயரம் 100. அளந்தபின் வாங்குங்கள். வண்டியின் கம்பிகளை வெட்ட இடங்கொடாதீர்கள்; பழைய செருகியையும் புதிய செருகியையும் பொருத்தும் இடைக்கம்பித் தொகுதிகள் விற்பனைக்கு உண்டு. பற்றரியின் தொடர்பை நீக்குமுன், இப்போதுள்ள பெட்டி இரகசிய எண் கேட்கும் வகையினதா என்று அறியுங்கள். அவ்வெண் இல்லாவிடின், பின்னர் பழைய பெட்டியை மீளப் பொருத்தினாலும் அது பேசாது. கழற்றிய பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மொரிஸ் மைனர் போன்ற முதிய பிரித்தானிய வண்டிகளை வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. அக்காலத்து வண்டிகள் பலவற்றிலே பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கும். இக்காலக் கருவிகளோ எதிர்முனை உடலோடு சேரும் என்று எண்ணிச் செய்யப்பட்டவை. மாறித் தொடுத்தால் கருவி எரியும், தீயும் பற்றலாம். அத்தகைய வண்டிக்கு, தன் மின்கலத்திலே இயங்கும் சிறிய புளூரூத் ஒலிபெருக்கியே தகும்.

நேயர்களே, எந்த வழியைக் கையாண்டாலும் தொலைபேசியைப் பிடியொன்றிலே பொருத்தி, வேண்டிய பாட்டையும் வழிகாட்டும் வரைபடத்தையும் புறப்படுமுன்னரே ஆயத்தஞ் செய்துகொள்ளுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திலே செல்லும் வண்டி, இரண்டு செக்கனில் 33 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். திரையைப் பார்க்கும் அந்த இரண்டு செக்கனிலே, வீதியோரம் சைக்கிளிற் செல்லும் ஒரு பிள்ளை நம் கண்ணுக்குத் தெரியாமற் போகலாம். ஒலியை வண்டியின் ஒலிபெருக்கிக்குக் கொண்டுவருவதன் முதற்பயன், கண்ணையும் கையையும் வீதிக்கு விட்டுக்கொடுப்பதே.

இனி அந்த ஆசிரியரின் ஒலிநாடாவைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றேன். உறவினர் ஒருவரின் பழைய வண்டியிலே கசெற் பெட்டி பழுதின்றி இருந்தது. ஒரு மாலைவேளை, இயந்திரத்தை ஓடவிடாது, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஒலிபெருக்கியின் முன்னே கைத்தொலைபேசியை வைத்துத் தம்பியின் பேச்சு முழுவதையும் பதிவுசெய்தோம். பேச்சினிடையே, "அண்ணை, அம்மாவுக்கு இதைச் சத்தமாய்ப் போட்டுக் காட்டுங்கோ" என்று அந்தக் குரல் சொல்லிற்று. ஆசிரியர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் ஒலியைச் சற்றுக் கூட்டினார்.

உங்கள் வண்டியிலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்குமாயின், அதனைக் கழற்றுமுன் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.