நாற்பத்தெட்டு என்னும் எண்

தொலைபேசியில் உரையாடும் ஒருவர், தாம் சொன்ன சொல் சற்றே தாமதித்துத் தம் செவிக்கே மீண்டு வரக் கேட்பாராயின், அவர் பேச்சுத் தடுமாறும். இந்த எதிரொலித் தொல்லையைப் பற்றிய கவலையே கணினி வலையமைப்பின் வரலாற்றில் 48 என்னும் எண்ணை நிலைநிறுத்தியது.

குரல், படம், கணினித் தரவு ஆகிய மூன்றையும் ஒரே வலையமைப்பிற் கொண்டுசெல்வது எங்ஙனம் என்பது 1980ஆம் ஆண்டுகளில் பொறியியலாளரை எதிர்நோக்கிய வினா. கணினித் தரவு பொதிகளாகச் செல்வது. பொதிகளோ நெடியனவும் குறியனவுமாகப் பல அளவின. புகையிரதக் கடவையில் நீண்ட சரக்கு வண்டி கடந்து முடியுமட்டும் சைக்கிளில் வந்தவன் காத்து நிற்கிறான். அவ்வாறே நெடிய பொதியின் பின்னே குரலும் காத்து நிற்க வேண்டும். செக்கனுக்கு 15 இலட்சம் பிட் செல்லும் இணைப்பில், 1,500 பைட்டுப் பொதியொன்று கடக்க 8 மில்லிசெக்கன் ஆகும்.

இதற்குக் கண்ட பரிகாரம், யாவற்றையும் ஒரே அளவான சிறு துண்டுகளாக வெட்டுதல். அத்துண்டே ‘கலம்’ எனப்பட்டது. ‘ஏ.டி.எம்.’ என வழங்கும் இம்முறையை, அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆலோசனைக் குழு 1988ஆம் ஆண்டிலே தெரிந்தெடுத்தது. வங்கியிற் பணந்தரும் இயந்திரத்துக்கும் இதற்கும் பெயரளவிலன்றி வேறு உறவில்லை.

கலம் எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும்? தொலைபேசிக் குரல் செக்கனுக்கு 8,000 பைட்டு ஆகிறது. ஆகவே 64 பைட்டுக் கலத்தைக் குரலால் நிரப்ப 8 மில்லிசெக்கன் வேண்டும். 32 பைட்டுக்கு 4 போதும். ஐரோப்பியர் 32 என்றனர். தாமதம் குறைந்தால், பிரான்ஸ் போன்ற நாட்டினுள்ளே எதிரொலி நீக்கும் கருவி இன்றியே பேசலாம் என்பது அவர் கருத்து. அமெரிக்கரோ தம் பரந்த நாட்டில் அக்கருவிகளை ஏற்கெனவே வைத்திருந்தனர். தலைப்புக்குச் செலவாகும் இடத்தைக் குறைக்கும் பொருட்டு 64 என்றனர். ஈற்றில் இரண்டிற்கும் நடுவாக 48 ஏற்கப்பட்டது. தலைப்பின் 5 பைட்டுஞ் சேரக் கலத்தின் நீளம் 53 ஆயிற்று.

கடிதம் ஒவ்வொன்றிலும் முழு விலாசம் எழுதப்படும். கலத்திலோ விலாசம் இல்லை. ஒரு சிறு வழியெண்ணே உண்டு. கலங்கள் புறப்படுமுன் இணைப்பு வேண்டி ஒரு செய்தி செல்லும். அவ்விணைப்புக்கு வேண்டிய கொள்ளளவு உண்டா என வழியிலுள்ள ஆளிகள் பார்க்கும், இல்லையெனின் மறுத்துவிடும். உண்டெனின், இன்ன வாயிலால் இன்ன எண்ணோடு வருங் கலம், இன்ன வாயிலால் இன்ன எண்ணோடு செல்க என ஒவ்வோர் ஆளியும் தன் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். பின்னர் வருங் கலங்கள் ஆளிதோறும் எண் மாறி, அவ்வொரே வழியில், அனுப்பிய ஒழுங்கிலேயே சென்று சேரும்.

இத்துணைச் சிறப்பிருந்தும் இம்முறை உலகை ஆளவில்லை. 53 பைட்டில் 5 தலைப்புக்கே போயின. அஃதாவது நூற்றுக்கு ஒன்பதுக்கு மேல். 1,500 பைட்டுப் பொதி 32 கலங்களாகும். அவற்றில் ஒன்று தொலைந்தாலும் பொதி முழுவதும் பழுதே. இவற்றினும் மேலான காரணம் வேகம். செக்கனுக்கு நூறு கோடி பிட் செல்லும் இணைப்புகள் வந்தபோது, அதே பொதி 12 மைக்ரோசெக்கனிற் கடந்து போயிற்று. சரக்கு வண்டி இமைப்பொழுதில் மறையுமாயின், அதனைத் துண்டு துண்டாக வெட்டுவது எதற்கு? நோய் நீங்கியதும் மருந்து சுமையாயிற்று.

ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. செப்புக் கம்பி வழியே இல்லங்களுக்கு இணையத்தைக் கொணர்ந்த ஏ.டி.எஸ்.எல். இணைப்புகள் பலவற்றில் இக்கலங்களே ஓடின. வழியை முன்னரே வகுத்து, ஆளிதோறும் எண்ணை மாற்றிச் செலுத்தும் உபாயமோ, எம்.பி.எல்.எஸ். என்னும் பெயரில், பெரிய இணைய வலையமைப்புகளிலே இன்றும் தொழிற்படுகின்றது. ஆங்கே பொதிகள் வெட்டப்படுவதில்லை. வழியெண் மட்டும் எஞ்சி நிற்கின்றது.