மின்சாரம் திரும்பும் வழி



இலக்கிய நிகழ்ச்சியிலே பழைய கார் ஒன்றின் மின்கோளாறைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் வியக்கக்கூடும். தமிழாசிரியருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டருக்கும் என்ன உறவு என்று கேட்கவும் கூடும். "விடை எழுதுமுன் கேள்வியை முழுமையாக வாசி" என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருபவன் நான். அந்தப் பாடத்தைக் கல்முனைக்கு அண்மையில் ஒரு கராஜின் தகரக் கூரையின் கீழ் நின்று நானே படிக்க நேர்ந்தது. அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

என்னிடம் இருப்பது 1960களின் நடுப்பகுதியில் வெளிவந்த மொறிஸ் மைனர் கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்த வகைக் கார் 1948இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்துவிட்டன. 1970 முதல் 1977 வரை நம் நாட்டில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. புதுக் கார் கிடைப்பது அரிதாகவே, இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடும் வழக்கம் ஊன்றியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது; தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி திறந்தது. ஆகவே இங்கே பழைய கார் ஒன்றை ஓட்டத்தில் வைத்திருப்பது பலருக்குப் பொழுதுபோக்கு அன்று; தேவை.

2022ஆம் ஆண்டு எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு மறந்திராது. அப்போது என் கார் மாதக்கணக்கில் முற்றத்து மாமரத்தின் கீழ் நின்றது. வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரந்தான். உப்புக் காற்று தன் வேலையைச் சத்தமில்லாமற் செய்துகொண்டிருந்தது.

அடுத்த மாரியில் ஓரிரவு அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஹோர்ண் முழங்கியது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. சோக்கை இழுத்துவிட்டுத் திரும்பத் திரும்ப முயன்றேன். ஏதோ கருகும் மணம் வந்தது. நுளம்புத்திரி மணம் என்று நினைத்துக்கொண்டேன். முடிவில் அயலவரின் முச்சக்கர வண்டியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா தேறிவிட்டார். ஆயினும், அந்த வண்டி வரும்வரை அம்மாவைத் தாங்கிக்கொண்டு படலையடியில் நின்ற பத்து நிமிடங்கள் இன்றும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

மறுநாளே பற்றரி பழுது என்று தீர்மானித்துப் புதிய பற்றரி வாங்கினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதே "டிக்". பின்பு ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றித் திருத்தினோம். அதன்பின் சொலனொயிட் மாற்றினோம். சம்பளப் பணம் கரைந்தது. வீட்டிலே, "விற்றுத் தொலையுங்கள்" என்றார்கள். பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிறைக்கு விலை சொன்னார்.

அந்த நிலையிலேதான் காக்காவிடம் போனேன். எழுபதை நெருங்கிய வாகன மின்வேலைக்காரர். எல்லோரும் அவரைக் காக்கா என்றே அழைப்பர், நானும் அப்படியே. வாங்கிய சாமான்களின் பட்டியலை ஒப்புவிக்கத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார்.

"சேர், சாமான் வாங்கின கதைய விடுங்க. வருத்தம் எப்ப தொடங்கின எண்டு சொல்லுங்க."

சொன்னேன்.

"சாவியத் திருப்பக்குள்ள லைற் மங்கிச்சா, அப்படியே நிண்டிச்சா?"

அப்படியே நின்றது என்றேன்.

"எரிஞ்ச மணம் ஏதும் வந்திச்சா?"

திடுக்கிட்டுப் போனேன். நுளம்புத்திரிக் கதையைச் சொன்னதும் காக்கா சிரித்தார். சோக் கம்பி பொருந்தியிருக்கும் இடத்தைக் காட்டினார். அதன் மேலுறை ஓரிடத்தில் உருகிக் கறுத்துப் போயிருந்தது. எத்தனையோ நாளாக என் கண் முன்னே இருந்ததை நான் பார்க்கவில்லை.

இங்கே சற்று விளக்கவேண்டும். விளக்கு, ஹோர்ண், ஸ்டார்ட்டர் என்று எதுவாயினும், பற்றரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் வேலையை முடித்துக்கொண்டு பற்றரிக்கே திரும்பவேண்டும். போகும் வழிக்கு வயர் உண்டு. திரும்பும் வழி பெரும்பாலும் காரின் இரும்பு உடல்தான். அதை எல்லோரும் ஏர்த் என்கிறோம். பாடநூலிலே புவித்தொடுப்பு என்று படித்தோம். ஆனால் காரோ நான்கு இறப்பர் ரயர்களின் மேல் நிற்கிறது. புவியைத் தொடாத புவித்தொடுப்பு அது. சொல்லை மட்டும் நம்பியவன் குழம்பிப்போவான்.

இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலானந்த அடிகள். யாழ் நூல் தந்த அவர் விஞ்ஞானமும் கற்றவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். பியூசுக்கு உருகி, சுவிச்சுக்கு ஆளி என்று நம் பாடநூல்களில் வழங்கும் சொற்களைப் பாருங்கள். உருகி என்ற சொல்லே அதன் தொழிலைச் சொல்லிவிடுகிறது: மற்றவை எரிந்துபோகாமல் தான் முதலில் உருகுவது. அதன் இடத்தில் சிகரட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர் அந்தச் சொல்லின் பொருளையே அழிக்கிறார். அவர் காப்பாற்றுவது ஒரு சிறு செலவை. பணயம் வைப்பது முழுக் காரை.

காக்காவுக்கு ஆங்கில வரைபடம் வாசிக்க வராது. ஆனால் நிறங்களை வாசிப்பார். பழைய பிரித்தானியக் கார்களில் மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வரும் வயர், வெள்ளை சாவி திறந்தபின் உயிர்பெறுவது, பச்சை அதன்பின் உருகியைக் கடந்து வருவது, ஊதா எந்நேரமும் உயிருள்ள உருகி வழி, நீலம் முன்விளக்கு, சிவப்பு பக்கவிளக்கு, கறுப்பு ஏர்த். என் காரிலோ இடையிடையே எங்கும் சிவப்பு வயர்கள். கைமாறிய ஒவ்வொரு கையும், அன்று கடையில் கிடைத்த வயரைக் கொண்டு ஒட்டுப் போட்டிருக்கிறது. எனக்கு ஏட்டுச் சுவடிகள் நினைவுக்கு வந்தன. ஒருவர் பிழையாகப் படியெடுப்பார். அடுத்தவர் அதைத் திருத்துவதாக எண்ணித் தம் சொல்லைச் செருகுவார். பதிப்பாசிரியர் பாடபேதத்தையும் இடைச்செருகலையும் பிரித்தறிவது போலவே காக்கா அந்தக் கட்டுக்குள் மூல வயரைத் தேடிப் பிடித்தார்.

"போற வழி சரியா இரிக்கி. வாற வழியப் பாப்பம்" என்றார்.

மீற்றரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைப் பற்றரியின் ஏர்த் முனையிலும் வைத்தார். என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டும் ஒரே வழியால் நன்றாக இணைந்திருந்தால், அவற்றுக்கிடையே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. மீற்றர் 4 வோல்ற்றைத் தாண்டியது. 12 வோல்ற்றிலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரும்பும் வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

பின்பு ஒரு தடித்த கேபிளால் எஞ்சினையும் உடலையும் நேரே இணைத்தார். "இப்ப அடிங்க சேர்." சாவியைத் தொட்டதும் எஞ்சின் உறுமி எழுந்தது. புதிய சாமான் ஒன்றும் அப்போது பூட்டப்படவில்லை.

எஞ்சின் இறப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருக்கிறது. உடலோடு அதைப் பிணைப்பது ஒரு செப்புப் பின்னற் பட்டி. உப்புக் காற்றில் அது அரிக்கப்பட்டுச் சில இழைகளே எஞ்சியிருந்தன. பெருவழி அடைபட்டதால் மின்னோட்டம் சோக் கம்பி என்ற ஒற்றையடிப் பாதையாற் போக முயன்றது. அதனாலேதான் அந்தக் கருகல்.

"அப்படியானால் விளக்குகள் எப்படி எரிந்தன?" என்று கேட்டேன். முன்விளக்குகள் எஞ்சின் வழியாகத் திரும்புவதில்லை. நேரே உடலோடு இணைந்தவை. அவை அந்தப் பட்டிக்கு எந்தச் சாட்சியும் சொல்லமாட்டா. இன்னொன்றும் உண்டு. மூட்டு ஒன்றில் 0.02 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 21 வாற்று விளக்கு இழுப்பது இரண்டு அம்பியருக்கும் குறைவு. அந்த மூட்டில் அதற்கு ஏற்படும் இழப்பைக் கண்ணாற் காணமுடியாது. ஸ்டார்ட்டர் 150 அம்பியர் கேட்டால் அதே மூட்டில் 3 வோல்ற்று போய்விடும். சிறு சுமையைத் தாங்குவதை வைத்துப் பெருஞ்சுமையையும் தாங்கும் என்று முடிவுகட்டக்கூடாது.

காக்கா அந்தப் பட்டியைக் கழற்றி என் கையில் தந்தார். முழுவதும் பச்சைக் களிம்பு. "சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பைத்தான் உவமை சொல்வார்கள், காக்கா" என்றேன். அவர் உப்புத்தாளால் போல்ட் இருந்த இடத்தைத் தேய்த்தபடியே, "எங்கட பெரியாக்களும் சொல்லுவாங்க சேர். இரும்புல துரு புடிக்கிற மாதிரி கல்புலயும் புடிக்குமாம். தேச்சிட்டே இரிக்கோணும்" என்றார். கல்பு என்றால் உள்ளம். கல்முனையில் ஒரு தெருவைக் கடந்தால் ஊரும் சமயமும் மாறும். எல்லைகளைப் பற்றிய வழக்குகள் எங்கள் காதுக்குப் பழகியவை. ஒருவருக்கொருவர் கதவடைத்துக்கொண்ட நாட்களும் இருந்தன. அன்று அந்தச் செப்புத் துண்டைப் பார்த்து இருவரும் வெவ்வேறு வீட்டு வார்த்தையில் ஒன்றையே சொன்னோம். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, வேலை இருந்தது.

புதிய பட்டி, பளபளக்கத் தேய்த்த இரும்பு, மேலே சிறிது வாஸ்லின் பூச்சு. நான் வீணாக வாங்கிய மூன்று சாமான்களில் மிக மலிவானதன் விலைகூட அதற்கு ஆகவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் நேயர்களுக்குக் காக்காவின் சார்பில் சில வார்த்தைகள். பிரேக்கை மிதிக்கும்போது பின்பக்கத்து வேறொரு விளக்கு மங்கினாலோ, சிக்னல் போடும்போது பக்கவிளக்கும் சேர்ந்து சிமிட்டினாலோ, பல்பை மாற்றுமுன் அதன் ஏர்த்தைப் பாருங்கள். ஓய்விலிருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்று காட்டும். 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் செய்துவிட்டே மற்றதைச் சோதியுங்கள். மொறிஸ் மைனரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைந்தது. இன்றைய கார்களில் மறைமுனை. இதை அறியாமல் வானொலிப் பெட்டி பூட்டினால் அது கருகும். பிற்காலக் கார்களில் எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி அல்டனேற்றரைச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இலத்திரனியல் உறுப்புகள் பழுதாகலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த கரை இது; வெள்ளமும் அடிக்கடி வருகிறது. கைமாறும் காரை வாங்குமுன் காலடி விரிப்பைத் தூக்கிப் பார்த்து, வயர் மூட்டுகளிலே பச்சை படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், கடைக்குப் போகாமல் கோளாறைக் கேளுங்கள். எப்போது, எதன்பின், எது வேலைசெய்கிறது, எது செய்யவில்லை, என்ன மணம். நான் கேள்வியை வாசிக்காமலே மூன்று விடைகளை விலைகொடுத்து வாங்கியவன்.

அந்தப் பழைய செப்புப் பட்டி இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் அதை வகுப்புக்குக் கொண்டுபோவேன். பிள்ளைகள் அதைக் கைமாற்றிப் பார்க்கும்போது அம்மாவோடு படலையடியில் நின்ற கதையையும் சொல்வேன். அதன்பிறகு கேள்வித்தாளை இரண்டாம் முறையும் வாசிப்பார்கள்.