"நாளைப் போவேன்" என்றவரின் பாட்டு

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

தோழர்களே!

ஷிப்டு முடிந்து வந்தவர்களும் நடவு முடித்துக் கரையேறி வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். லீவு கேட்டுக் கிடைக்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கைகூடக் கீழே இருக்காது. ஆகவே, லீவு கேட்ட ஒருவரின் பாட்டைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தச் சாலையிலே தெற்கே போனால் சிதம்பரம். அங்கே போக ஏங்கியவர் கொள்ளிடக்கரை ஆதனூர் நந்தனார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று நாளைக் கடத்தியதால் திருநாளைப்போவார் என்றே பெயராயிற்று. ஏன் கடத்தினார்? 12ஆம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாடிய சேக்கிழார், தம் பிறப்பை எண்ணி அவரே தயங்கினார் என்கிறார். அந்தக் கதையிலே பண்ணையாரே கிடையாது!

பண்ணையாரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். 19ஆம் நூற்றாண்டிலே தஞ்சைச் சீமையில் வாழ்ந்தவர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் பண்ணையாள். எசமானராகிய வேதியரிடம் உத்தரவு கேட்கிறான். "நாற்பது வேலி சாகுபடியை முடித்துவிட்டுப் போ" என்கிறார் அவர். நாற்பது வேலி என்றால் ஏறக்குறைய 265 ஏக்கர், தோழர்களே! லீவு இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். கதையிலே கடவுள் ஒரே இரவில் வேலையை முடித்துக் கொடுக்கிறார். நிஜப் பண்ணையாளுக்கு அப்படி யார் வந்தார்கள்? சவுக்கடியும் சாணிப்பாலும்தான் வந்தன. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று, அதுவும் போராடிய பிறகு.

பாரதியாரும் ஒரு வாசலில் காத்துக் கிடந்தார். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்தில் இல்லாத கதை இருக்கிறது என்று பிள்ளைக்கு மனமில்லை. பலமுறை நடக்கவைத்தார். ஒருநாள் பிள்ளை உள்ளே படுத்திருக்க, பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டையே பாடிக்கொண்டிருந்தார். கேட்ட பிள்ளை உருகிப்போய்ப் பாயிரம் கொடுத்தார். பண்டிதருக்குப் பிழையாகப் பட்டது பாமரருக்குப் பாஷையாக இருந்தது என்பது என் கட்சி. 1861இல் நூல் அச்சேறியது. அதற்குத் துணைநின்றவர் காரைக்காலிலிருந்த பிரெஞ்சு அதிகாரி சிஸே.

அதிலே "வருகலாமோ" என்றொரு பாட்டு, மாஞ்சி ராகம். சிதம்பரத்து எல்லைக்கு வந்துவிட்டும் உள்ளே கால்வைக்க முடியாத மனிதன், கிட்டே வரட்டுமா என்று கேட்கிற பாட்டு. கச்சேரிகளிலே பக்திப் பாட்டாகக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆட்டட்டும். ஆனால் அவனை எல்லையில் நிறுத்தியது யார்?

இதே கேள்வி கடலுக்கு அப்பாலும் பாட்டாயிற்று. பருத்திக் காட்டு அடிமைகளின் சந்ததியார் மாதாகோவிலிலே பாடிய பாட்டிலிருந்து அமெரிக்காவில் கிளைத்தது 'சோல்' இசை. அதிலே பேர்பெற்ற பாடகர் சாம் குக். 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரிலே ஒரு ஓட்டலில் அவருக்கு அறை மறுத்தார்கள். காசு இருந்தது, புகழ் இருந்தது, தோல்தான் கறுப்பு. தட்டிக்கேட்டதற்குக் கலகம் செய்ததாகக் கைது வேறு! 1964 ஜனவரியில், மாறுதல் வந்தே தீரும் என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். டிசம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார், வயது 33. அந்த மாதக் கடைசியில் சிறிய இசைத்தட்டாகப் பாட்டு வெளிவந்தபோது ஒரு சரணத்தைக் காணோம். சினிமாவுக்கும் கடைத்தெருவுக்கும் போகிற கறுப்பரை விரட்டுகிறார்களே, அதைச் சொன்ன சரணம்! கறுப்பு மக்களின் உரிமைப் போராட்டத்தில் அந்தப் பாட்டு நிலைத்துவிட்டது.

நந்தன் கதைக்கு வருகிறேன். தீயில் மூழ்கித்தான் அவர் கோவிலுக்குள் போனார் என்று முடிக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு ஒப்பவில்லை. உழுதவன் எதற்காகத் தீக்குளிக்க வேண்டும்? நிறுத்தியவனல்லவா பதில் சொல்ல வேண்டும்!

1935இல் 'பக்த நந்தனார்' சினிமாவிலே கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். சம்பளம் லட்ச ரூபாய். பண்ணையாள் வேஷத்துக்கு மட்டும் நல்ல கூலி!

சிதம்பரத்திலே நந்தன் பெயரால் வேறொரு காரியம் நடந்தது. தீ மூட்டிய இடமென்று சொல்லப்படும் ஓமக்குளத்திலே, சுவாமி சகஜானந்தர் 1916இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். வருகலாமோ என்று கேட்டவரின் சந்ததி அங்கே பலகையோடு போய் உட்கார்ந்தது.

இப்போது நம் தோழர் ஒருவர் அந்தப் பாட்டைப் பாடப்போகிறார். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.