மாங்காய் சென்ற வழி



பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பழக்கடை முன் நின்று செவிசாய்ப்போமாயின், ஒரே கனியை ஒருவர் ‘மாம்பழம்’ என்பார். இன்னொருவர் ‘மங்கா’ என்பார். பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளை ‘மேங்கோ’ என்னும். இவற்றை மூன்று மொழிகளின் வெவ்வேறு சொற்கள் என்றே எண்ணுகிறோம். ஆயின், மூன்றும் ‘மா’ என்னும் ஒரே வேரில் கிளைத்தவை.

மரப்பெயரின் முன் வல்லினம் வருங்கால், அதற்கு இனமான மெல்லெழுத்துத் தோன்றுதலும் உண்டு என்பது நன்னூல் காட்டும் புணர்ச்சி விதி. மாவோடு காய் சேர, ‘ங்’ தோன்றி மாங்காய் ஆயிற்று. பழம் சேர, ‘ம்’ தோன்றி மாம்பழம் ஆயிற்று. மலாய்மொழி இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது. மாங்காய் ‘மங்கா’ ஆயிற்று. மாம்பழம் ‘மெம்பெலம்’ ஆயிற்று. பின்னது தீபகற்பத்தின் வடபகுதியில் வழங்கும் சொல். நாம் வகுப்பறையில் மனனம் செய்யும் விதியின் மெல்லெழுத்துகள் இரண்டும் அச்சொற்களில் அழியாமல் நிற்கின்றன.

இதனால் மலாய்மொழி வறியது என்று கருதுதல் தவறு. மாவினத்து மரமொன்றுக்குப் ‘பாவ்’ என்னும் பெயர் அம்மொழியில் உண்டு. பினாங்கின் பெர்மாத்தாங் பாவ் என்னும் ஊர்ப்பெயரில் அதனைக் காண்கிறோம். கப்பல், கடை, பெட்டி ஆகிய சொற்களைப் போலவே மாங்காயும் வணிக உறவால் வந்த விருந்து.

போர்த்துக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டை அடைந்தனர். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர். அவர்தம் ‘மங்க’ என்னும் சொல் மலையாளக் கரையில் பெற்றதா, மலாய் வழி வந்ததா என்பதில் அறிஞர் வேறுபடுவர். எவ்வழியாயினும் மூலம் மாவும் காயுமே. அச்சொல்லே ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. கனி நெடுங்கடல் தாங்காது, ஊறுகாய் தாங்கும். அதனால் ஆங்கிலேயர் ஒருகாலத்தில் பிற காய்களின் ஊறுகாயையும் ‘மேங்கோ’ என்றே அழைத்தனர். 1753-இல் லின்னேயசு இம்மரத்திற்கு இட்ட ‘மாங்கிஃபெரா இண்டிகா’ என்னும் பெயரிலும் நம் காய் இருக்கிறது.

இனி, நம்மைப் பற்றிய ஒன்று. கடல் கடந்து சென்ற சொல் ‘மேங்கோ’வாகத் திரும்பி வந்து, நம் இல்லங்களில் மாங்காயையும் மாம்பழத்தையும் ஒருங்கே அகற்றி வருகிறது. புளிப்பது காய், இனிப்பது பழம் என ஒரே சொல்லில் உணர்த்தும் நுட்பம் ‘மேங்கோ’வில் இல்லை. பிறமொழி பெற்றதனால் நாம் எதையும் இழக்கவில்லை. நாம் சொல்லாது விட்டால்தான் இழப்போம்.

ஆசிரியப் பெருமக்களே, அடுத்தமுறை புணர்ச்சி கற்பிக்கும்போது ஒரு மாங்காயையும் ஒரு மாம்பழத்தையும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளைகள் தின்றும் மகிழட்டும். தேசிய மொழியில் தாம் நாள்தோறும் எழுதும் சொல்லில் தம் இலக்கணம் வாழ்வதைக் கண்டும் மகிழட்டும்.